சங்கிலிமுத்து வாங்கிய சைபர்

திருத்தங்கல் ரோட்டில் இருக்கும் ஓர் அச்சகத்துக்கு வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தது. பரிசுப் பைகள் வாங்கும் கம்பெனி எழுதியது. கழிப்பறைக்குக் கதவு இருக்கிறது என்று சென்ற வருடம் சான்று தந்தீர்கள், நன்றி. இந்த வருடம் உங்கள் தொழிலாளர்களுக்கு மன அழுத்தம் இல்லை என்று ஒரு சான்று வேண்டும், இல்லையென்றால் ஆர்டர் கிடையாது என்று அதில் கண்டிருந்தது. முதலாளி மணிகண்டராஜ் இரண்டு தடவை படித்தார். கதவு போட ஒரு தச்சர் போதுமாக இருந்தது. இதற்கு யாரைக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

இதே கடிதம் இன்னும் பதினேழு அச்சகங்களுக்கு வந்திருந்தது. ஒருவருக்கு வந்தால் அது தலைவலி, பதினெட்டுப் பேருக்கு வந்தால் வாரியம். ஆக, ‘அச்சகங்களின் மன அமைதி வாரியம்’ பிறந்தது. ஒரு தலைவர், மூன்று துணைத் தலைவர்கள், செயலாளர், பதினொரு செயற்குழு உறுப்பினர்கள். மனநலம் படித்தவர் யாருமே இல்லை என்பதை மூன்றாவது கூட்டத்தில் காபி குடிக்கும்போதுதான் கவனித்தார்கள். உடனே விருதுநகரிலிருந்து பிரீத்திகா என்ற ஆலோசகரை வாரத்துக்கு இரண்டு நாள் வரச் சொல்லி, பேப்பர் குடோனில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். ஆளுக்கு எட்டு நிமிடம். டோக்கன் உண்டு.

திறப்பு விழா அழைப்பிதழ், பேனர், நாற்பது பக்கச் சிறப்பு மலர் எல்லாவற்றுக்கும் புரூப் பார்த்தவர் சங்கிலிமுத்து. மணிகண்டராஜின் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் புரூப் பார்ப்பவர். வயது நாற்பத்தெட்டு. அவருடைய முக்கிய வேலை தினசரி காலண்டர். நாளுக்கு ஒரு தாள். தாளுக்கு நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், திதி, நட்சத்திரம், பன்னிரண்டு ராசிக்கும் பன்னிரண்டு சொல். இதை முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கி, அதை எண்பது வகைக் காலண்டரால் பெருக்கினால் வருவது அவருடைய ஒரு சீசன். ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளிவந்ததும் குனிந்தால் தைப்பொங்கலுக்குத்தான் நிமிர்வார். ஊர் ஆவணியில் இருக்கும்போது அவர் அடுத்த பங்குனியில் இருப்பார். மன அழுத்தத்தைக் குறைக்க வந்த வாரியம், முதல் மாதத்திலேயே அவருடைய ராத்திரிகளையும் எடுத்துக்கொண்டது.

விழாவில் செயலாளர் லட்சுமிகாந்தம் பேசினார். எழுபது வயது, சொந்தமாக இரண்டு அச்சகம், சொந்தமாக ஒரு மைக்.

“எங்க காலத்துல மன அளுத்தம்னு ஒண்ணு கெடையாது. ஏன்னு கேளுங்க. மனசுன்னு ஒண்ணு இருக்குன்னே எங்களுக்கு யாரும் சொல்லல. மெஷினு ஓடுச்சு, நாங்களும் ஓடுனோம். இப்ப காலம் மாறிப்போச்சு. தொழிலாளிக்கு மனசு இருக்குன்னு வெளிநாட்டுக்காரன் கண்டுபிடிச்சிட்டான். அவன் கண்டுபிடிச்சிட்டா நாம ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும். ஆர்டரு அவன் கையில இருக்கு.”

கைதட்டினார்கள். சங்கிலிமுத்தும் தட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் நிறுத்தியதும் நிறுத்தினார்.

அடுத்த வாரம் சோதனை. இருபது கேள்விகள், ‘ஆம்’ என்றால் ஐந்து மதிப்பெண். நூறு வாங்கியவர் முழு அழுத்தக்காரர். கேள்வித்தாளைத் தயாரித்தது செயற்குழு. பிரீத்திகாவிடம் காட்டினால் தாமதமாகும் என்று காட்டவில்லை. கழிவுக் காகிதத்தை எடை போட்டு எழுதிக்கொண்டிருந்த ஊர்க்காவலன் என்பவரை மதிப்பீட்டு அலுவலராக நியமித்தார்கள். எடை போடுவதில் அவர் கை சுத்தமானவர். சங்கிலிமுத்தை எதிரே உட்காரவைத்துக் கேட்டார்.

“கோவம் வருமா?”

“வராது.”

“அளுகை?”

“வராது.”

“எதுக்காச்சும் பயப்படுவீகளா?”

“இல்ல.”

“காரணமில்லாம வருத்தம் வருமா?”

சங்கிலிமுத்து கொஞ்சம் யோசித்தார். “காரணம் இருந்தாலும் வரல” என்றார்.

ஊர்க்காவலன் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டார்.

பதினேழாவது கேள்வியின்போது வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடி ஆடியது. இந்தப் பக்கத்தில் அப்படிச் சத்தம் கேட்டால் யாரும் எதையும் யோசிப்பதில்லை. மெஷினை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் தெருவுக்கு ஓடினார்கள். எந்தத் திசையில் புகை எழும்புகிறது என்று பார்த்தார்கள். யார் வீட்டுப் பெண்கள் எந்தப் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். போன்கள் அடித்தன. சங்கிலிமுத்தின் மனைவி வீரலட்சுமி தாயில்பட்டிப் பக்கம் ஓர் ஆலையில் சரம் பின்னுகிறவள். அவர் நாற்காலியிலேயே இருந்தார். ஊர்க்காவலன் தெருவிலிருந்து திரும்பி வந்தபோது, சங்கிலிமுத்து மேசையில் கிடந்த ஒரு தாளில் சூலம் கிழக்கா மேற்கா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து, அது கல் குவாரியில் வைத்த வெடி என்று தெரிந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. ஊர்க்காவலன் தாளின் ஓரத்தில் ‘திடீர் ஓசைக்கும் கலங்கவில்லை’ என்று சிவப்பு மையில் எழுதி, மொத்தம் சைபர் என்று வட்டம் போட்டார். பதினெட்டு அச்சகங்களிலும் சைபர் வாங்கியவர் சங்கிலிமுத்து ஒருவர்தான்.

அன்று சாயங்காலம் வீரலட்சுமி சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“உள்ள போனு கொண்டுபோக விடமாட்டாகள்ல. கேட்டுல வாச்மேன்கிட்ட கெடந்த போனெல்லாம் மாத்தி மாத்தி அடிச்சிச்சு. அவரு ஒவ்வொரு பேராக் கூப்பிட்டாரு. ராக்காயின்னாரு, முத்துமாரின்னாரு. பேச்சியம்மாளுக்குப் புருசன் செத்து மூணு வருசமாச்சு, அவளுக்குக்கூடக் கொளுந்தன் போன் அடிச்சான். எம் பேரையும் கூப்பிடுவாகன்னு நின்னேன்.”

“குவாரி வெடின்னு சொன்னாகளே” என்றார் சங்கிலிமுத்து.

“அது ஒரு மணிநேரம் களிச்சில்ல தெரிஞ்சது.”

அவள் சண்டை போடவில்லை. அன்றிலிருந்து தேவையானதை மட்டும் பேசினாள். தண்ணி வந்திருச்சு, கேஸ் தீந்திருச்சு, சாவி ஆணியில இருக்கு. இது தன்னைச் சுட வேண்டும் என்று சங்கிலிமுத்துக்குத் தெரிந்தது. சுடவில்லை. சுடவில்லையே என்று பயந்திருக்க வேண்டும். அந்தப் பயமும் வரவில்லை. இருபத்தைந்து வருடம் கூட இருந்தவள் கண் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போய்க்கொண்டிருந்தாள். அவர் வேறொரு வீட்டு விஷயத்தைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாரியம் அவருக்கு ‘அமைதிச் செம்மல்’ விருது கொடுத்தது. மெடல், பொன்னாடை, திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பில் பேனர். பேனரில் முதலாளிகள் எல்லோரும் சிரித்தார்கள், சங்கிலிமுத்து மட்டும் சும்மா இருந்தார். அதுவே அழகு என்றார்கள். பிறகு செயல்முறை விளக்கம் ஆரம்பமானது. மற்ற அச்சகத் தொழிலாளர்களை வேனில் கூட்டிவந்து, மேடையில் மேசை போட்டு, சங்கிலிமுத்து புரூப் பார்ப்பதை அரை மணி நேரம் பார்க்க வைத்தார்கள். லட்சுமிகாந்தம் கையில் குச்சி வைத்துக்கொண்டு விளக்கினார்.

“மொகத்தப் பாருங்க. ஏதாச்சும் தெரியுதா? ஒண்ணும் தெரியல. இதுக்குத்தான் அந்தக் காலத்துல முனிவருக காட்டுக்குப் போனாக. நம்ம தம்பி ஷிப்டுலயே அடைஞ்சிட்டாரு.”

மணிகண்டராஜ் சங்கிலிமுத்தைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். “ஏப்பா, உண்மையச் சொல்லு. எப்பிடி இந்த நெலமைக்கு வந்த?”

“தெரியல மொதலாளி. ஒம்பது வருசமா லீவு எடுக்கல.”

மணிகண்டராஜ் மேனேஜரைக் கூப்பிட்டார். “குறிச்சிக்கங்க” என்றார்.

இப்படித்தான் ‘அமைதிப் பயிற்சித் திட்டம்’ வந்தது. அழுத்தம் அதிகம் உள்ளவர்களுக்கு முதலில் லீவு நிறுத்தப்பட்டது. அதற்கும் அடங்காதவர்களுக்கு இரண்டு ஷிப்டு. பலன் இல்லை என்று சொல்ல முடியாது. மெஷின்மேன் செந்தூர்பாண்டி முதல் சோதனையில் எழுபது வாங்கியவர், சூபர்வைசரைக் கெட்ட வார்த்தை சொன்னவர். இரண்டு மாதம் பயிற்சி எடுத்துச் சைபருக்கு வந்தார். அவர் சிரிக்காமல் மெடல் வாங்கிக்கொண்டதை எல்லோரும் பாராட்டினார்கள். சீசன் தொடங்கும்போதே சைபர்காரர்கள் பதினொரு பேர் ஆகியிருந்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனி பாராட்டுக் கடிதம் அனுப்பியது. அதைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று சங்கிலிமுத்துதான் பார்த்துக் கொடுத்தார்.

குடோனில் பிரீத்திகாவின் மேசைக்கு அவர் போக முடியாது. சைபர்காரர்களுக்கு டோக்கன் கிடையாது. நோயில்லாதவன் டாக்டர் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது விதி. ஆனால், ‘மன அழுத்தத்தை வெல்வோம்’ என்ற சிறு புத்தகத்தின் கடைசிப் புரூப்பில் ஆலோசகரின் கையெழுத்து வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் சங்கிலிமுத்து அதை எடுத்துக்கொண்டு போனார். மாரியம்மன் கோவிலில் ஆவணிக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

பிரீத்திகா கையெழுத்துப் போட்டாள். கீழே தேதி போட வேண்டும்.

“இன்னைக்கு என்ன தேதி அண்ணே?”

“மார்ச் பத்தொம்பது. வியாளக்கெளம. பங்குனி அஞ்சு” என்றார் சங்கிலிமுத்து. “ராகு காலம் ஒண்ணரை டு மூணு. இப்ப போடாதீக, செத்த பொறுத்துப் போடுங்க. சூலம் தெக்கு.”

அவள் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். விருது பெற்றவர் விளையாட்டாகச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தாள். அவர் மூன்று மணி ஆவதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

“உக்காருங்கண்ணே.”

“எனக்கு டோக்கன் கெடையாதும்மா.”

“பரவால்ல, உக்காருங்க. வீட்டுல என்ன காலண்டர் மாட்டியிருக்கீக?”

“வீட்டுல காலண்டரே கெடையாது. அங்கனயும் பாக்கணுமா?”

எட்டு நிமிடம் என்றால் எட்டு நிமிடம். வெளியே ஊர்க்காவலன் மணியடித்துவிடுவார். அதற்குள் சங்கிலிமுத்து சத்தம் கேட்ட நாளைச் சொல்லிவிட்டார். அவளாகக் கேட்கவில்லை. மற்றவர்கள் எல்லாம் தெருவுக்கு ஓடினார்கள், நான் போன் அடிக்கவில்லை, ஏன் என்று தெரியவில்லை, வீட்டில் இப்போது பேசுவதில்லை, அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை என்று புரூப் படித்துக் காட்டும் குரலில் சொன்னார்.

“அண்ணே, உங்களுக்கு மெடல் குடுத்திருக்காகளே, இது அமைதி இல்ல. நீங்க தீந்து போயிருக்கீக. வருசக்கணக்கா தாங்க முடியாததத் தாங்குனா, ஒடம்பு ஒருநாள் எல்லாத்தையும் மொத்தமா நிறுத்திரும். வலிய மட்டும் நிறுத்த அதுக்குத் தெரியாது. பிரியத்தையும் சேத்து நிறுத்திரும். சரி பண்ணலாம். நாளாகும். வியாளக்கெளம விருதுநகர்ல எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க. இங்கன எட்டு நிமிசத்துல ஒண்ணும் நடக்காது.”

மணி அடித்தது.

வியாழன்தோறும் லீவு வேண்டும் என்று சங்கிலிமுத்து கேட்டார். மணிகண்டராஜ் திகைத்துப்போனார். வெளிநாட்டுக்காரனுக்குக் காட்டிய ஆள், மனநல ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதா? வாரியத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். வாரியம் கூடியது. அழுத்தமில்லை என்று தான் சான்றளித்த ஒருவருக்கு அழுத்தத்துக்குச் சிகிச்சை அளிப்பது சான்றை அவமதிப்பதாகும் என்று தீர்மானம் போட்டது. மீறிப் போனால் வேலை போகும் என்று மணிகண்டராஜ் சொன்னார். சங்கிலிமுத்து ‘சரி’ என்றார். வியாழக்கிழமை காலை பஸ் ஏறிப் போய்விட்டார். தைரியம் என்று யாராவது சொன்னால் அது தப்பு. வேலை போய்விடுமே என்ற பயமும் அவருக்கு வரவில்லை, அவ்வளவுதான். வேலையும் போகவில்லை. சீசன் நடுவில் சந்திராஷ்டமம் தெரிந்த வேறு ஆள் கிடைக்கவில்லை.

முதல் வியாழன் உட்கார்ந்திருந்த வரை பேசவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தார். பிரீத்திகாவும் அவசரப்படுத்தவில்லை. இரண்டாவது வியாழன், எதிலிருந்து எல்லாவற்றையும் ஏழு தடவை பார்க்க ஆரம்பித்தீர்கள் என்று கேட்டாள். ஏழு தடவை என்று இவளுக்கு யார் சொன்னது என்று அவருக்கு ஆச்சரியம். போன வாரம் அவரேதான் போகிறபோது சொல்லியிருந்தார்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மாசித் தாளில் திதி ஒரு நாள் தள்ளி அச்சாகிவிட்டது. கோவில்பட்டியிலிருந்து ஒருவர் அந்தத் தாளை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு அச்சக வாசலுக்கு வந்தார்.

“அவரு திட்டலம்மா. திட்டியிருந்தா போயிருக்கும். ‘தசமிக்கு வைக்க வேண்டிய பிண்டத்த ஏகாதசியில வச்சிட்டேன். எங்கப்பா தசமிக்கே வந்து பாத்துட்டுப் பட்டினியா திரும்பியிருப்பாருல்ல’ன்னு கேட்டாரு. அம்புட்டுத்தான் கேட்டாரு. எத்தன வீட்டுல எத்தன பேரு வந்துட்டுத் திரும்புனாகளோ. எண்பதாயிரம் காலண்டர்ம்மா.”

அதற்குப் பிறகு அவர் ஒரு தாளையும் நம்பியதில்லை. தூக்கத்திலும் எண்ணிக்கொண்டிருந்தார். இதை யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டாள். சூபர்வைசரிடம் சொன்னதாகவும், ‘இனிமே கவனமா பாரு’ என்று அவர் சொன்னதாகவும் சொன்னார்.

பிரீத்திகா அற்புதம் எதுவும் செய்யவில்லை. ராத்திரி பத்து மணிக்குப் பிறகு எந்தத் தாளையும் தொடக் கூடாது என்றாள். ஒரு தாளை இரண்டு தடவைதான் பார்க்க வேண்டும், மூன்றாவது தடவை கை போனால் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வர வேண்டும் என்றாள். இந்த வருடத்துக் காலண்டர் ஒன்று வாங்கி வீட்டில் மாட்டச் சொன்னாள். காலையில் ஒரு தாளைக் கிழிக்க வேண்டும், படிக்கக் கூடாது. முதல் வாரம் அவர் படித்தார். வேறு அச்சகத்துக் காலண்டர். நாலு பிழை இருந்தது. அடுத்த வியாழன் அதைப் பெருமையாகச் சொன்னார். பிரீத்திகா சிரித்தாள். “நாலு பிழையோடதான் அந்த வாரமும் போயிருக்கு, பாத்தீகளா?” என்றாள். அவர் பஸ்ஸில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தார்.

ஆறாவது வாரம், ஆமத்தூர் தாண்டும்போது கண்டக்டர் சில்லறை தராமல் போனதற்குக் கோபம் வந்தது. கோபம்தானா என்று அவருக்கே சந்தேகம். நெஞ்சு சூடாக இருந்தது. வீடு வந்து அதை வீரலட்சுமியிடம் சொன்னார். அரிசி களைந்துகொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

ஒன்பதாவது வாரம் புதன்கிழமை மத்தியானம். வெளியே வெயில். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எந்தச் சத்தமும் கேட்கவில்லை. சங்கிலிமுத்து ஒரு தாளை இரண்டாவது தடவை பார்த்து முடித்து வைத்தார். ஏனென்று தெரியாமல் வீரலட்சுமியின் கைகள் ஞாபகத்துக்கு வந்தன. மருந்து படிந்து சாம்பல் பூத்த விரல்கள். அந்த விரல்கள் இந்த நிமிடம் என்ன செய்துகொண்டிருக்கும் என்று நினைத்தார். திடீரென்று எழுந்து தெருவுக்கு ஓடிப்போய் ஆலை வாசலுக்குப் போன் அடித்தார். இரண்டு தடவை எடுக்கவில்லை. அதற்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. மூன்றாவது தடவை வாச்மேன் எடுத்தார்.

“வீரலட்சுமி இருக்காளா?”

“இருக்காம எங்க போவா? என்ன விசயம்?”

“கூப்பிடுங்க.”

வாச்மேன் அவள் பெயரைச் சொல்லிக் கத்துவது போனில் கேட்டது. அவள் ஓடிவந்து எடுத்தாள். மூச்சு வாங்கியது.

“என்னாச்சு? யாருக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“பின்ன?”

“பயமா இருந்துச்சு.”

“செத்த இருங்க” என்று வாச்மேனிடம் அவள் சொல்வது கேட்டது.

“சாப்பிட்டீகளா?” என்றாள்.

நடுத்தெருவில் நின்று அழுதார். மெஷின்மேன்கள் எட்டிப் பார்த்தார்கள். சூபர்வைசர் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

வாரியம் விசாரணைக் குழு அமைத்தது. லட்சுமிகாந்தம் தலைமை. ஊர்க்காவலன் எழுத்தர்.

“ஏப்பா சங்கிலிமுத்து, வேல நேரத்துல பொண்டாட்டிக்குப் போன் அடிச்சியாம்?”

“அடிச்சேன் அண்ணாச்சி.”

“அன்னைக்கி வெடிச் சத்தம் கேட்டிச்சா?”

“இல்ல.”

“பொகை?”

“இல்ல.”

“யாரும் வந்து சொன்னாகளா?”

“இல்ல அண்ணாச்சி.”

“சத்தம் கேட்டப்போ அடிக்கல. அதுக்கு மெடல் குடுத்தோம். சத்தமே கேக்காதப்போ அடிச்சிருக்க. அப்ப நாங்க யாரு, கோட்டிக்காரங்களா?”

பயம் வந்துச்சு என்று சங்கிலிமுத்து சொன்னார். பயப்படுவதற்குத் தனிக் காரணம் வேண்டுமா, பொதுவாகவும் பயப்படலாமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். விதியில் அதற்கு இடமில்லை என்று இன்னொருவர் பார்த்துச் சொன்னார். எப்போதிலிருந்து இப்படி என்று மணிகண்டராஜ் கேட்டார். ஒரு மாதமாக என்றார் சங்கிலிமுத்து. அதற்கு முன்னால் என்ன நடந்தது? சிகிச்சை நடந்தது. குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

ஊர்க்காவலன் தீர்மானத்தைப் படித்தார். நல்ல நிலையில் இருந்த தொழிலாளி ஒருவர் சிகிச்சையால் கோபம், பயம், அழுகை ஆகிய கோளாறுகளுக்கு ஆளாகியிருப்பதால் ஆலோசகரின் வருகை நிறுத்தப்படுகிறது. ‘அமைதிச் செம்மல்’ விருது திரும்பப் பெறப்படுகிறது. பேனர் அகற்றப்படும். தினசரி காலண்டரிலிருந்து நீக்கி, தண்டனையாக மாதக் காலண்டருக்கு அவர் மாற்றப்படுகிறார். வருடத்துக்குப் பன்னிரண்டே தாள். லீவு எடுக்காதவர் என்ற தகுதியை இழந்துவிட்டதால், இனி அவர் மற்றவர்களைப்போல வாரத்தில் ஒருநாள் லீவு எடுத்தாக வேண்டும்.

சங்கிலிமுத்து பையிலிருந்து மெடலை எடுத்து மேசையில் வைத்தார். லட்சுமிகாந்தம் கெட்ட மனிதர் இல்லை. அதைக் கையில் எடுத்து, சட்டையில் துடைத்து, பெருமூச்சு விட்டார்.

“மாவட்டத்துலயே மொத ஆளு நீதான்னு சொல்லிட்டுத் திரிஞ்சோம். எல்லாத்தையும் போட்டு ஒடச்சிட்டியேப்பா. உனக்கு வருத்தமா இல்லையா?”

சங்கிலிமுத்து நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். கண் நிறைந்து, மூக்கு அடைத்துக்கொண்டது.

“இருக்கு அண்ணாச்சி” என்றார். “நல்லாவே இருக்கு.”